தொட்டி மண்ணில் இலைக்கட்டு

2024 ஜூன் 28 காலை எட்டரை மணியுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானது.

மறுநாள் சனிக்கிழமை காலை, பாலசுப்ரமணியமும் அவர் மனைவி அகல்யாவும் ஆறு வார விடுமுறை முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து திரும்பினார்கள். அவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. மோதி பாக் பக்கத்தில் ஓர் அரசுக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வீடு. கதவைத் திறந்ததும் கூடத்திலிருந்து நனைந்த சாக்கின் வாடை வந்தது.

கூடத்தில் பதினேழு தொட்டிகள் இருந்தன. ஊருக்குக் கிளம்பும்போது பால்கனியிலும் படுக்கையறைகளிலும் இருந்த செடிகளை எல்லாம் அகல்யாதான் கூடத்துக்குக் கொண்டுவந்து நெருக்கி வைத்திருந்தார். படுக்கையறைகளைப் பூட்டி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஜன்னல்களைத் தாழிட்டார். வாசல் சாவியை மட்டும் வேலை செய்யும் ராஜாத்தியிடம் கொடுத்து, தினமும் சாயங்காலம் வந்து தண்ணீர் ஊற்றும்படியும் இலைகளின் மேல் தெளிக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஏறக்குறைய எல்லாச் செடியிலும் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சள் வளையம். சில புள்ளிகள் பெரிதாகி, நடுவில் காய்ந்து, அப்பளம் போல் உடைந்திருந்தன. ஜன்னலோரம் இருந்த பெரிய மான்ஸ்டீராவில் கீழ் இலைகளே இல்லை. வெட்டிய காம்புகளின் முனையில் மஞ்சள் பொடி பூசியிருந்தது.

பையைக் கீழே வைக்காமலே அகல்யா குனிந்து பார்த்தார். தண்டின் அடியில், தொட்டி மண்ணின்மேல் ஒரு சின்னக் கட்டு. கறுத்துச் சுருண்ட எதையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அதன் மேலும் மஞ்சள் பொடி சிந்தியிருந்தது. அடுத்த தொட்டியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"ஏங்க, இங்கன வந்து பாருங்க. இவ என்னமோ வச்சிருக்கா."

பாலசுப்ரமணியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது," என்றார். அகல்யா கையை நீட்டியதும், "ஆனா தொடாண்டாம்," என்றார்.

ராஜாத்திக்கு முப்பத்தெட்டு வயது. ஆத்தூர் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த பிளாக்கில் நான்கு தமிழ் வீடுகளில் வேலை செய்தார். அவருக்கு வேறு வருமானம் இல்லை. குடியிருப்புச் சங்கம் கொடுத்த பாஸை கேட்டில் இருக்கும் இயந்திரத்தில் காட்டினால்தான் உள்ளே வர முடியும். ஒரு வீட்டுக்காரர் புகார் கொடுத்து பாஸ் ரத்தானால் நான்கு வீட்டு வேலையும் போய்விடும். கோடை விடுமுறைக்கு நான்கு குடும்பங்களும் ஊருக்குப் போகும்போது நான்கு சாவிகளும் அவரிடம்தான் இருக்கும்.

போன வருடம் இதேபோல் திரும்பி வந்தபோது அகல்யாவின் சிங்கோனியத்தில் ஒரு கொப்பைக் காணவில்லை. தான் எடுக்கவில்லை என்றார் ராஜாத்தி. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அதனால் இந்த வருடம் கிளம்புவதற்கு முந்தின நாள், ராஜாத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அகல்யா ஒவ்வொரு செடியின் இலைகளையும் எண்ணி, எண்ணிக்கையைக் காகித டேப்பில் எழுதித் தொட்டியில் ஒட்டினார். மான்ஸ்டீராவுக்குப் பதினான்கு. கொடி படர்ந்த மணி பிளான்ட்டுக்கு அறுபத்து மூன்று.

திரும்பி வந்த சனிக்கிழமை அன்று அகல்யா ராஜாத்தியின் போனுக்கு ஆறு முறை அழைத்தார். அணைந்திருந்தது. கேட்டில் விசாரித்ததில், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து போனவர் அதன்பிறகு வரவில்லை என்றார்கள்.

"நாம வாரோம்னு தெரிஞ்சுதான் போனை அணைச்சு வச்சிருக்கா," என்றார் அகல்யா.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு வீட்டுக்காரர்களும் மாடிப்படியில் கூடினார்கள். கூடுவதென்று யாரும் முடிவு செய்யவில்லை. தரைத்தளத்து பெரியண்ணன் தன் வீட்டுத் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். அவர் விமான நிலையத்தில் பாதுகாப்புப் படை இன்ஸ்பெக்டர், மதுரைக்காரர். முதல் மாடி ஸ்ரீதர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மூன்றாவது மாடி மதுமதி அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து வந்து பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். தாவர நோய் ஆய்வகம் ஒன்றில் அவர் டெக்னிகல் அசிஸ்டென்ட்.

மதுமதியும் மேலே போய்த் தன் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். நான்கு வீட்டிலும் அதே புள்ளி. அதே நூல். அதே மஞ்சள்.

"நாலு வீடு, நாலு சாவி, ஒரே ஆளு," என்றார் பெரியண்ணன். "இதுக்கு மேல என்ன விசாரணை வேணும்ங்கிறேன்?"

"எதுவும் திருடு போகலையே சார்," என்றார் ஸ்ரீதர்.

"போகலைன்னு எப்பிடிச் சொல்றீங்க? பை சுத்தமா இருந்துச்சுன்னா நாங்க ஷூவைக் கழட்டச் சொல்லுவோம்ல."

"நீங்க பெல்ட்டையும் கழட்டச் சொல்லுவீங்க சார். போன தடவை எனக்கு பிளைட்டே போயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அகல்யா சொன்னார்: "ஒண்ணும் எடுக்கலன்னா என்னத்தையோ வச்சிட்டுப் போயிருக்கா. அது இன்னும் மோசம்லா."

எல்லார் மனதிலும் ஒரே சொல்தான் இருந்தது. எல்லாருமே பட்டதாரிகள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்ரீதர் மட்டும் தன் மாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னதாகவும், அவர் கட்டுகளைத் தொடாமல் அப்படியே தொட்டியோடு யமுனையில் விடச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார்.

"கெமிக்கலா இருக்கும்," என்றார் பாலசுப்ரமணியம். "ஏதோ பொடி. புகார்ல அப்பிடித்தான் எழுத முடியும்."

மதுமதி பெரியண்ணன் கையிலிருந்த தொட்டியை வாங்கி, ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாலு நாள் பொறுங்கக்கா. ஆளுக்கு ரெண்டு இலை குடுங்க. ஈர டிஷ்யூவோட பிளாஸ்டிக் பையில போட்டு மூடி வெக்கறேன். மருந்து பட்டுக் கருகுனதுன்னா புள்ளி இருந்த மாதிரியே இருக்கும். பூஞ்சையா இருந்தா வளரும்."

"நாலு நாள்ல அவ ஊரைவிட்டே போயிட்டான்னா?" என்றார் பெரியண்ணன்.

"போறவ போன மாசமே போயிருப்பாளேங்க."

இலைகளைக் கொடுத்தார்கள். ஆனால் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் பாலசுப்ரமணியம் புகாரை மூன்று முறை எழுதினார். முதல் பிரதியில் 'சந்தேகத்துக்குரிய சடங்கு' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'நச்சுப் பொருள்' என்று எழுதினார். அதையும் அடித்துவிட்டு 'அடையாளம் தெரியாத பொருள்' என்று போட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படங்களோடு அது சங்க அலுவலகத்துக்குப் போனது. பதினொன்றேகாலுக்கு ராஜாத்தியின் பாஸை ரத்து செய்தார்கள்.

அன்று முழுவதும் அகல்யா கூடத்தில் நடமாடவில்லை. சமையலறைக்குச் சுவரோரமாகவே போய்வந்தார். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து பார்த்தார். தண்ணீர் சுத்திகரிப்பானில் பிடித்த முதல் இரண்டு குடம் தண்ணீரைக் கீழே கொட்டினார். ராஜாத்தி இந்த ஆறு ஆண்டுகளில் செய்தவற்றையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் வேறொரு காரணம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தீபாவளிக்குக் கொடுத்த சேலையை ஏன் ஒருநாளும் கட்டி வரவில்லை? சாமி அலமாரியைத் துடைக்கச் சொன்னால் ஏன் எப்போதும் கடைசியில் செய்கிறாள்?

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு கேட்டிலிருந்து இன்டர்காம் அடித்தது. அகல்யா கீழே போனார். கம்பிக்கு வெளியே ராஜாத்தி நின்றிருந்தார். புடவைக் கீழ்ப்பகுதியில் சேற்றுக் கறை காய்ந்திருந்தது.

"என்னங்கம்மா, கார்டைக் காட்டுனா செவப்பு லைட்டு எரியுதுங்க. வாட்ச்மேன் பையா உள்ள விட மாட்டேங்கறாரு."

"நாலு நாளா எங்க போன?"

"வூட்டுக்குள்ள தண்ணிங்கம்மா. இடுப்பளவு. போனு முங்கிப் போச்சு. நேத்து சாயங்காலந்தான் தண்ணி வடிஞ்சுது."

"செடியில என்னத்த வச்ச?"

"எந்தச் செடியிலங்க?"

"எல்லாத்துலயும்தான். நூலு கட்டி, மஞ்சப் பொடி போட்டு."

ராஜாத்தி கம்பிக்குப் பக்கத்தில் வந்தார்.

"அது இலைங்கம்மா."

"என்ன இலை?"

"உங்க இலைதாங்க. நீங்க எண்ணி வெச்ச இலை."

காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் அவர் எழுந்து போகவில்லை.

"புள்ளி புள்ளியா வந்துச்சுங்க. ஒண்ணுல வந்தா பக்கத்துல இருக்கறதுலயும் வருது. வெட்டாட்டி மொத்தமும் போயிருமேன்னு வெட்டுனேன். வெட்டுனதக் குப்பையில போட்டா, நீங்க வந்து எண்ணிப் பாத்துட்டு மிச்சம் எங்கடின்னு கேப்பீங்க. போன வருசம் ஒத்தக் கொப்புக்கு ஒரு மாசம் கேட்டீங்க. அதான் அந்தந்தத் தொட்டியிலயே வெச்சேன்."

"நூலு எதுக்கு?"

"கூட்டித் தொடைக்கறப்ப ஃபேன் போட்டாப் பறக்குதுங்க. ஒண்ணு போயி சோபாக்கு அடியில பூந்துக்கிச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"மஞ்சள்?"

"வெரல வெட்டிக்கிட்டா மஞ்சதானுங்க வெக்கறோம்."

"மத்த வீட்டுல யாரும் எண்ணலயே. அங்க என்னத்துக்குக் கட்டி வச்ச?"

"நீங்க எண்ணுனது எனக்குத் தெரியுங்க. அவிங்க எண்ணாமப் போனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டு வேலை செய்பவர்களிடம் இது வழக்கம்தான். டம்ளர் உடைந்தால் சில்லுகளை உடனே எறிய மாட்டார்கள். காகிதத்தில் பொதிந்து வைத்து, வீட்டம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் எறிவார்கள். எறிந்துவிட்டால் அது உடைந்த டம்ளர் இல்லை, காணாமல் போன டம்ளர். ராஜாத்தி இரண்டு பீங்கான் கோப்பைகளையும் ஒரு சாமி படத்தின் கண்ணாடியையும் அப்படித்தான் அகல்யாவிடம் கணக்குக் காட்டியிருந்தார்.

அகல்யா கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. மேலே போய், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் மான்ஸ்டீரா தொட்டியின் கட்டைப் பிரித்தார். ஐந்து இலைகள். செடியில் ஒன்பது. அடுத்த தொட்டியைப் பிரித்தார். மத்தியானம் வரை பதினேழு தொட்டிகளையும் எண்ணினார். பதினாறில் டேப்பில் எழுதிய எண்ணிக்கை சரியாக வந்தது. ஒன்றில் மட்டும் ஓர் இலை கூடுதல், புதிதாக விட்டிருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்.

"எண்ணிக்கை சரியா இருந்தா ஆளு சரின்னு ஆயிருமா? நோய் எப்பிடி நாலு வீட்டுக்கும் போச்சு? அது நடந்தா போச்சு?"

அகல்யாவுக்கும் அதே கேள்வி இருந்தது. கேட்டதற்கெல்லாம் ராஜாத்தி தடுமாறாமல் பதில் சொன்னதே அவருக்கு உறுத்தியது. தயார் செய்து வைத்திருந்த பதில்போல இருந்தது. புகாரைத் திரும்பப் பெறும் பேச்சு அன்று எழவில்லை.

வியாழக்கிழமை மாலை மதுமதி எட்டு பிளாஸ்டிக் பைகளோடும் ஒரு லென்ஸோடும் அகல்யா வீட்டுக்கு இறங்கி வந்தார். பெரியண்ணனும் ஸ்ரீதரும் வந்து சேர்ந்தார்கள். பைக்குள் இருந்த இலைகளில் புள்ளிகள் இரண்டு மடங்காகியிருந்தன. சுத்தமாக இருந்த இடத்திலும் புதுப் புள்ளிகள் வந்திருந்தன. லென்ஸில் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் கடுகைவிடச் சின்னக் கறுப்பு மணிகள் வளையம் வளையமாக நின்றன.

"பூஞ்சைங்க. இலைப்புள்ளி நோய். யாரும் கொண்டுவந்து வெக்க வேண்டியதில்ல. ஈரமும் அடைச்ச காத்தும் இருந்தாப் போதும்."

"மொதல்ல யார் வீட்டுல?" என்றார் பெரியண்ணன். அவர் விடுவதாக இல்லை.

மதுமதி கொஞ்சம் தயங்கினார். "எங்க வீட்டுலதானுங்க. நேத்து பஸ் ஸ்டாப்புல ராஜாத்தியப் பார்த்துப் பேசினேன். மே மாசம் ரோட்டோர நர்சரியில ஒரு மணி பிளான்ட் வாங்கினேன். அதுலதான் முதல்ல புள்ளி பார்த்தாளாம். ஒரே கத்திரி, ஒரே துடைக்கிற துணி, நாலு வீடு. வெட்டுன கத்திரியை ஸ்பிரிட்டுல துடைக்கணும்னு நான் அவளுக்குச் சொல்லலை."

"அப்ப உங்க பாஸையும் கேன்சல் பண்ணணுமேம்மா," என்றார் பெரியண்ணன்.

"பண்ணுங்க சார். ஆபீஸ் போக வேண்டாம்."

மதுமதி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த ஜன்னலெல்லாம் யார் அக்கா சாத்துனது?"

"நான்தான். யாராவது ஏறி வந்துட்டா?"

"ரெண்டாவது மாடிக்கா?"

அகல்யா ஜன்னல் தாழைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினேழு தொட்டியையும் இப்படி இலையோட இலை உரச வெச்சது?"

"பெட்ரூமைப் பூட்டிட்டுப் போனோம்லா. வேற எங்க வைக்க?"

"சாயங்காலம் இலை மேல தண்ணி தெளிக்கச் சொன்னது?"

"நாப்பத்தேழு டிகிரி வெயிலு. வாடிருமேன்னுதான்."

"ராத்திரி பூரா ஈரம் காயாதுங்கக்கா. காலையில ஊத்தணும். மண்ணுல ஊத்தணும், இலையில இல்ல." மதுமதி மான்ஸ்டீராவின் அடியில் குனிந்தார். "பாருங்க, மேல் இலை சுத்தமா இருக்கு. கட்டு இருந்த இடத்துலேருந்து மேல ஏறியிருக்கு. அவ வெட்டுனது சரிதான். வெட்டுனதைப் பையில கட்டி வெளிய போட்டிருந்தா நோய் பாதியிலயே நின்னிருக்கும். தொட்டியிலயே வெச்சதால, தண்ணி ஊத்த ஊத்த அதுலேருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கு."

பாலசுப்ரமணியம் பையிலிருந்த இலையை வாங்கிக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதை மதுமதியிடமே கொடுத்தார். ஸ்ரீதர் தன் மாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார்.

அன்றே வேலை தொடங்கியது. அகல்யா ஜன்னல்களைத் திறந்தார். தொட்டிகளைப் பழையபடி பால்கனியிலும் படுக்கையறைகளிலுமாக ஒரு முழ இடைவெளியில் பரப்பி வைத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, புள்ளி விழுந்த இலைகளை எல்லாம் நறுக்கினார். தொட்டி மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் சுரண்டி எடுத்துப் புது மண் போட்டார். இலைக்கட்டுகளும் பழைய மண்ணும் மூன்று கறுப்புப் பைகளில் வெளியே போயின. மதுமதி எழுதிக்கொடுத்த தாமிர மருந்தைக் கரைத்து, காலை நேரத்தில், இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளித்தார். பத்து நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்க, உதவிக்கு ஆள் இல்லாமல், அவருக்கு ஒன்றரை நாள் ஆனது.

இதற்கிடையே வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்க அலுவலகத்தில் இன்னொரு கடிதம் கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, பாஸை மறுபடி திறந்துவிட வழியில்லை என்று இந்தியில் சொன்னார். ஒருமுறை ரத்தானால் புது விண்ணப்பம், புது போலீஸ் சரிபார்ப்பு. ரத்தானதற்குக் காரணமான புகாரின் நகலும் அதோடு போக வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தோடு அகல்யா கேட்டுக்குப் போனார். ராஜாத்தி தினமும் வந்து எதிர்ப்புற நடைபாதையில் உட்கார்ந்துவிட்டுப் போவதாகக் காவலாளி சொல்லியிருந்தார். அன்றும் இருந்தார். கைநாட்டு வைக்கிறீர்களா என்று காவலாளி கேட்டதற்கு, "கையெழுத்தே போடுவேன்," என்று சொல்லி, படிவத்தை முழங்காலில் வைத்துத் தமிழில் போட்டார்.

"புதுக் கடுதாசியில என்னன்னு எழுதுனீங்கம்மா?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு எழுதிருக்கேன்."

"மொதல்ல எழுதுனதக் கிழிச்சுட்டாங்களா?"

அகல்யா படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "இல்ல. அதுவும் ஃபைல்ல இருக்கும்."

"ரெண்டையும் படிப்பாங்களா, ஒண்ண மட்டும் படிப்பாங்களா?"

"தெரியலயே ராஜாத்தி."

ராஜாத்தி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். அவருடைய வீடு இருக்கும் பகுதிக்கு எந்த பஸ் போகும் என்று அகல்யாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அது வந்ததும் அவர் ஏறிப் போனார்.

விண்ணப்பம் ஜூலை 8 அன்று காவல் நிலையத்துக்குப் போனது. ரத்துக்கான காரணத்தை விளக்கச் சொல்லி ஒருமுறை திரும்பி வந்தது. பாலசுப்ரமணியம் விளக்கம் எழுதினார். சரிபார்ப்பு ஆகஸ்ட் 19 அன்று முடிந்தது. ஆகஸ்ட் 21, புதன்கிழமை, ராஜாத்திக்குப் புதிய பாஸ் கிடைத்தது. அதற்குள் பெரியண்ணன் வீட்டிலும் ஸ்ரீதர் வீட்டிலும் வேறொரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ராஜாத்தி இப்போது அந்த பிளாக்கில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார்.